நாங்கள் பாடசாலைக்குப் போனால் மகளுக்குக் கணக்கு வருமா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தில் முதலில் எழுதிவிடுகிறேன். மகள் தரம் 8 இல் படிக்கிறாள். இரண்டாம் தவணைப் பரீட்சையில் கணிதத்துக்கு 28 புள்ளிகள். தேர்ச்சி அறிக்கையில் வகுப்பாசிரியர், பெற்றோர் வந்து சந்திக்க வேண்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறார். நீங்கள் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறீர்கள். மனைவி மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். இருவரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. எங்களுக்கே தெரியாத கணக்குக்கு நாங்கள் போய் என்ன செய்வது, ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போவதுதான் மிச்சம், அந்தக் காசை டியூசனுக்குக் கட்டினால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பெற்றோர் பாடசாலையோடு தொடர்பாக இருப்பதால் பிள்ளையின் கணிதம் உண்மையில் முன்னேறுமா என்பது ஒன்று. படிக்காத பெற்றோருக்கு அதில் ஏதேனும் இடம் உண்டா என்பது இன்னொன்று. நீங்கள் எழுத்தில் வைக்காத மூன்றாவது கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: அந்த வாசலுக்குள் போய் நின்றால் நமக்கு மரியாதை கிடைக்குமா என்பது. நான் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். ஹற்றன், பண்டாரவளைப் பகுதிப் பாடசாலைகளில் இருபத்தேழு ஆண்டுகள் கணிதம் கற்பித்தேன். அதில் கடைசி ஒன்பது ஆண்டுகள் சேவைக்கால ஆலோசகராகப் பாடசாலை பாடசாலையாகப் போய் மற்ற ஆசிரியர்களின் வகுப்புகளைப் பார்த்தேன். அந்த அனுபவத்தையும், ஆய்வுகள் சொல்வதாக நான் அறிந்தவற்றையும் கலந்துவிடாமல் தனித்தனியே சொல்ல முயல்கிறேன்.

ஆய்வுகளில் பெருமளவுக்கு உறுதியானது இது: பெற்றோரின் ஈடுபாட்டுக்கும் பிள்ளையின் பெறுபேற்றுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் எல்லா வகை ஈடுபாட்டுக்கும் ஒரே பலன் இல்லை. 2001 ஆம் ஆண்டில் ஃபான், சென் என்னும் இருவர் அதுவரை வெளிவந்த 25 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பிள்ளை படித்து இன்ன நிலைக்கு வருவாள் என்று பெற்றோர் வைத்திருக்கும் எதிர்பார்ப்புத்தான் பெறுபேற்றோடு மிக நெருக்கமாகச் சேர்ந்து வந்தது. வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து காவல் காப்பது மிகக் குறைவாகவே சேர்ந்து வந்தது. வில்லியம் ஜெய்ன்ஸ் 2005 இலும் 2007 இலும் செய்த தொகுப்புகளும் ஏறத்தாழ அதையே காட்டின. உங்கள் மகளின் வயதுக்கு மிகப் பொருத்தமானது, ஹில், டைசன் என்ற இருவர் 2009 இல் வெளியிட்ட தொகுப்பு. இடைநிலை வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிய 50 ஆய்வுகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த வயதில் அதிக பலன் தருவதாகத் தெரிந்தது, படிப்பு எதற்காக என்று பிள்ளையோடு பேசுவதும், அவள் படிப்பதை வாழ்க்கையோடு தொடுத்துக் காட்டுவதும், எதிர்காலத்தைப் பற்றி அவளோடு சேர்ந்து யோசிப்பதும்தான். பாடசாலைக்குப் போய்வருவதற்கும் ஓரளவு பலன் இருந்தது. வீட்டுப்பாடத்தில் நேரடியாகக் கைவைத்து உதவுவது மட்டும் அந்த வயதில் நன்மை தருவதாகத் தெரியவில்லை.

இந்தக் கடைசி வரியை உங்களைப் போன்ற பெற்றோருக்காகச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். பட்டால், கூப்பர், றொபின்சன் ஆகியோர் 2008 இல் வீட்டுப்பாட உதவியை மட்டும் தனியாக ஆராய்ந்தபோது, மொழிப் பாடங்களில் பெற்றோரின் உதவி நன்மையாகவும் கணிதத்தில் எதிர்மாறாகவும் சேர்ந்து வந்தது. அமெரிக்காவில் முதலாம், இரண்டாம் வகுப்புகளில் படித்த 438 பிள்ளைகளை வைத்து மலோனியும் அவரோடு சேர்ந்தவர்களும் 2015 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. கணிதத்துக்குப் பயப்படும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவியபோது, அந்தப் பிள்ளைகள் அந்த ஆண்டில் குறைவாகவே கற்றார்கள். கணிதப் பயமும் அவர்களுக்குக் கூடியது. அதே பயம் உள்ள பெற்றோர் அடிக்கடி உதவாத வீடுகளில் அந்தப் பாதிப்புத் தெரியவில்லை. ஆகவே தரம் 8 கணக்கைச் செய்துகாட்ட முடியவில்லையே என்று நீங்கள் படும் வேதனை, இல்லாத ஒரு குறைக்காகப் படும் வேதனை. அது ஆசிரியரின் வேலை. உங்கள் வேலை வேறு. அதற்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பே தாராளமாகப் போதும்.

இப்போது ஐயத்துக்குரியவற்றைச் சொல்ல வேண்டும். மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கப் பிள்ளைகளைப் பற்றியவை. அங்கே பெற்றோர் பாடசாலைக்குப் போவதும், நம்முடைய ஒரு தாய் மலையிலிருந்து இறங்கி, கூடையையும் படங்குச் சாக்கையும் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு, பஸ் பிடித்துப் பாடசாலைக்குப் போவதும் ஒன்றாகாது. அடுத்தது, இரண்டு விடயங்கள் சேர்ந்து வருவதால் ஒன்று மற்றதை உண்டாக்கியது என்று சொல்லிவிட முடியாது. நன்றாகப் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் சந்தோசமாகக் கூட்டத்துக்குப் போகிறார்கள். தோல்வியடையும் பிள்ளையின் பெற்றோர் ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படியானால் புள்ளிதான் பெற்றோரைக் கூட்டத்துக்கு அழைத்துவந்ததே தவிர, கூட்டம் புள்ளியைக் கொண்டுவரவில்லை என்றாகும். வீட்டுப்பாட உதவியிலும் இதே சிக்கல் உண்டு, ஏனெனில் பிள்ளை தடுமாறும்போதுதான் பெற்றோர் உதவப் போகிறார்கள். எதிர்பார்ப்பும் ஓரளவுக்கு அப்படித்தான். இவற்றை முற்றாகப் பிரித்தெடுப்பது கடினம். ஆகையால் நீங்கள் ஒருமுறை போய்விட்டு வந்தால் அடுத்த தவணையில் 28 என்பது 50 ஆகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். யாராவது அப்படிச் சொன்னால் நம்பவும் வேண்டாம். என் அனுபவத்தில் பெற்றோரின் வருகை முதலில் தொடுவது புள்ளியை விட, பிள்ளை தன்னைப் பற்றி வைத்திருக்கும் எண்ணத்தைத்தான். புள்ளி பின்னால், மெதுவாக வரும்.

அந்த எண்ணம் எப்படி இருக்கும் என்பதை ஒரு மாணவியின் கொப்பியில் பார்த்தேன். அவளும் தரம் 8 தான். நான் வகுப்பின் பின்வரிசைக்கு நடந்து வரும்போதெல்லாம், இடது கையால் கொப்பியை மறைத்துக்கொண்டு வலது கையால் அழிறப்பரைத் தேய்ப்பாள். ஒருநாள் கையை மெதுவாக விலக்கிப் பார்த்தேன். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழித்ததில் தாள் ஓட்டையாகி, அதன் வழியே அடுத்த பக்கத்துக் கணக்குத் தெரிந்தது. அழித்த தடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது அவள் முதலில் எழுதியிருந்த விடை சரியாக இருந்தது. அவளுக்குக் கணக்குத் தெரியாமல் இருக்கவில்லை. தான் எழுதியது சரியாக இருக்க முடியாது என்ற முடிவோடுதான் அவள் பென்சிலையே எடுத்தாள். அல்பேட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977 இல், ஒரு காரியத்தைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று எழுதியபோது நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்து வெல்வதைக் காண்பது, தான் மதிக்கும் ஒருவர் உன்னால் முடியும் என்று சொல்வது, அந்த நேரத்தில் உடலிலும் மனதிலும் எழும் பதற்றம் அல்லது அமைதி. முதலாவதுதான் மிக வலியது. அதை ஆசிரியர் வகுப்பில் உண்டாக்க வேண்டும். மற்ற மூன்றிலும் வீட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒன்றைக் கவனியுங்கள்: நன்றாக எழுது, நீ கெட்டிக்காரி என்று வெறுமனே சொல்லிக்கொண்டிருப்பதால் நம்பிக்கை வராது. 28 வாங்கிய பிள்ளைக்கு அது பொய் என்று தெரியும். அவள் சரியாகச் செய்த ஒரு கணக்கைச் சுட்டிக்காட்டி, இதை எப்படிச் செய்தாய் என்று கேட்டால் அது பொய்யாகாது.

நான் இன்றும் மறக்காத ஒரு பெற்றோர் சந்திப்பை இங்கே சொல்ல வேண்டும். ஒரு தாய் மகளோடு வந்து மேசைக்கு முன்னால் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னேன். மகளின் கணிதத்தைப் பற்றிப் பேச்செடுத்ததும், "எனக்குக் கணக்கெல்லாம் தெரியாதுங்க டீச்சர், அவளுக்கும் என்னைய மாதிரியே வராமப் போச்சு" என்றார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பேச்சை விட்டுவிட்டு, நேற்று எத்தனை கிலோ எடுத்தீர்கள் என்று கேட்டேன். மூச்சு விடாமல் சொன்னார்: "காலையில ஏழு, பகலுக்கு ஒம்பது, பின்னேரம் ஆறுங்க. நிறுவைக்கு ரெண்டு ரெண்டு கிலோ கழிச்சாங்க. பதினாறுதான் விழுந்துச்சு, ஒரு பேருக்கு வேண்டிய பதினெட்டுக்கு ரெண்டு பத்தல." தேர்ச்சி அறிக்கையின் பக்கத்தில் கிடந்த ஒரு வெற்றுத் தாளில் நான் 7 + 9 + 6 = 22 என்றும், 22 − 6 = 16 என்றும், 16 − 18 = −2 என்றும் மூன்று வரிகள் எழுதி மகளின் பக்கம் திருப்பினேன். திசைகொண்ட எண்கள் என்ற அந்தப் பாடத்தில்தான் அவள் ஒன்றுமே எழுதாமல் தாளைக் கொடுத்திருந்தாள். மூன்றாவது வரியைத் தொட்டு, உன் அம்மா இதை மனதிலேயே செய்துவிட்டார் என்றேன். பிள்ளை தாளைப் பார்க்கவில்லை, தாயைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்கு வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு நிறுவையிலும் இரண்டு கிலோ கழிப்பது நியாயமா என்பது வேறு விடயம். ஆனால் வாரத்தில் ஆறு நாளைக்கு எத்தனை கிலோ கழிகிறது என்று நான் கேட்பதற்கு முன்பே அந்தத் தாய் முப்பத்தாறு என்று சொல்லிவிட்டார் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நம் வீடுகளில் கணக்கு இல்லை என்பது உண்மையில்லை. பாடசாலைக் கணக்கின் உடுப்பில் இல்லை, அவ்வளவுதான். இதை ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் தெருவில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளை வைத்து 1985 இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், இளநீருக்கும் பழத்துக்கும் விலை கூட்டிச் சொல்லும்போது அந்தப் பிள்ளைகள் நூற்றுக்கு 98 விடைகளைச் சரியாகச் சொன்னார்கள். அதே கூட்டல் பெருக்கலை வெறும் எண்களாகத் தாளில் எழுதிக் கொடுத்தபோது நூற்றுக்கு 37 தான் சரியாக வந்தது. ஐந்து பிள்ளைகளை வைத்து உலகத்துக்கே பொதுவான விதி சொல்ல முடியாது. ஆனால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் நமது பிரட்டுக் களத்திலும், கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் நின்று பழகிய எவருக்கும் அந்த முடிவு வியப்பாக இருக்காது. "எங்க குடும்பத்துக்கே கணக்கு வராது" என்ற பேச்சை உங்கள் வீட்டில் இன்றோடு நிறுத்திவிடுங்கள் என்று நான் கேட்பதும் இதனால்தான். அதை நாம் பணிவாகச் சொல்கிறோம். பிள்ளை அதைப் பரம்பரைச் சொத்தாக எடுத்துக்கொள்கிறாள். குறிப்பாகத் தாய் சொல்லும்போது மகள் அதைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள்.

பாடசாலை வாசலில் நமக்கு இருக்கும் தயக்கத்துக்குக் காரணம் உண்டு என்பதால் அதையும் பேச வேண்டும். இலவசக் கல்வி 1940களில் நாட்டுக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்குள் வரவில்லை. தோட்டத்தை நடத்திய துரைமாரின் பொறுப்பில், பெரும்பாலும் ஒரே ஆசிரியரோடு, ஒரே அறையில், ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன பாடசாலைகளில்தான் நம் தாத்தா பாட்டிமார் படித்தார்கள், படிக்கக் கிடைத்தவர்கள் மட்டும். அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். இரண்டு மூன்று தலைமுறையாகப் பாடசாலை என்பது நமக்குச் சொந்தமான இடமாக இருக்கவில்லை; கூலியில்லாமல் செய்யும் சிரமதான வேலைக்கு மண்வெட்டியோடு போகும் இடமாகவும், கூட்டத்தில் பின்வாங்கில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் இடமாகவும் இருந்தது. சிரமதானமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் தேவைதான், அவற்றால் பாடசாலை நிற்கிறது. ஆனால் மைதானத்தில் புல் வெட்டுவதாலோ சங்கத்துக்குப் பணம் கட்டுவதாலோ உங்கள் மகளுக்குப் பின்னம் விளங்கப்போவதில்லை. பெற்றோர் ஈடுபாட்டை ஆறு வகையாகப் பிரித்த ஜொய்ஸ் எப்ஸ்டைன் என்பவர், வீட்டில் கற்றலுக்குத் துணைநிற்பதையும், பாடசாலையோடு இருவழியும் தகவல் பேசிக்கொள்வதையும், தொண்டு வேலையிலிருந்து தனியே எடுத்து வைத்திருக்கிறார். நமது பக்கத்தில் தொண்டு வேலை நிறைய உண்டு; தகவல் பேசுவதுதான் குறைவு.

ஆகவே போங்கள். ஆனால் ஒரு நாள் பேர் போவது சிறிய விடயம் என்று நான் சொல்லமாட்டேன், அதை அறிந்து வளர்ந்தவள் நான். முதலில் வகுப்பாசிரியருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, மனைவி வேலை முடிந்து வரக்கூடிய நேரம் எது, அல்லது பேர் போகாத வேறு நாள் உண்டா என்று நேராகவே கேளுங்கள். நான் வேலைசெய்த ஒரு பாடசாலையில் அதிபரே பெற்றோர் சந்திப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார். வருகை இரட்டிப்புக்கு மேல் கூடியது. அதற்கு முன்பு வராத பெற்றோரை அக்கறையற்றவர்கள் என்று ஆசிரியர் அறையில் நாங்கள் பேசியிருக்கிறோம், நானும் பேசியிருக்கிறேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன். கொழும்பிலிருந்து உங்களால் வர முடியாவிட்டால், மனைவி ஆசிரியரோடு உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில் தொலைபேசியில் நீங்களும் சேர்ந்துகொள்ளலாம். தகப்பன் தூரத்தில் இருந்தும் தன் படிப்பை விசாரிக்கிறார் என்பது அந்த வயதுப் பெண்பிள்ளைக்குப் பெரிய பலம்.

போனால் என்ன பேசுவது என்பதுதான் பலருக்குச் சங்கடம். பிள்ளை எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டால், கவனம் போதாது, இன்னும் முயற்சி வேண்டும் என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலைக் கொண்டு வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது, திட்டத்தான் முடியும். அதைவிட மகளின் பரீட்சைத் தாளைக் கையில் கொண்டுபோய், எந்தப் பாடத்திலிருந்து இவள் தடுக்கி விழத் தொடங்கினாள் என்று கேட்கச் சொல்லுங்கள். தரம் 8 இல் விழும் பிள்ளைகளில் நான் கண்ட பெரும்பாலானோர் உண்மையில் தரம் 5, 6 இல், பின்னத்திலோ தசமத்திலோ, அதற்கும் முன்னால் வாய்ப்பாட்டிலோ நின்றுபோனவர்கள். பின்னம் விளங்காதவளுக்கு அட்சரகணிதத்தில் வரும் ஒவ்வொரு சமன்பாடும் பூட்டிய கதவுதான். இடம் தெரிந்துவிட்டால் மருந்து சிறியது: அந்தப் பழைய பாடத்திலிருந்து நாளுக்கு நான்கைந்து கணக்குகள். தரம் 6, 7 பாடநூல்கள் வீட்டில் இல்லாவிட்டால், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழில் இலவசமாகத் தரவிறக்கலாம். அடுத்து, இவள் எதை நன்றாகச் செய்கிறாள் என்றும் கேட்கச் சொல்லுங்கள். ஆசிரியர் ஒரு கணம் யோசிப்பார். அந்த யோசனைதான் வேண்டும், ஏனெனில் நாற்பது பிள்ளைகளில் ஒருத்தியாக இருந்தவளை அவர் அன்றுதான் தனியாகப் பார்க்கத் தொடங்குவார். மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுவது நல்லது, ஆனால் ஆசிரியருக்கு முன்னால் அவளைத் திட்ட வேண்டாம். அடிச்சுப் படிப்பிங்க டீச்சர் என்ற நம் பழைய வார்த்தையும் வேண்டாம். அது ஆசிரியருக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்துச் சொல்கிறோம். பிள்ளையின் காதில் அது தன்னைக் கைவிட்டதாகத்தான் விழும்.

வீட்டில் செய்யக்கூடியதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். மனைவியின் சம்பளச் சீட்டை மகளிடம் கொடுத்து, இதை எனக்கு விளங்கப்படுத்து என்று கேட்கச் சொல்லுங்கள். எளிதாக இருப்பதற்காக ஒரு பேருக்கு 1,000 ரூபா என்றும், மாதத்தில் 22 பேர் என்றும் வைத்துக்கொள்வோம். 22,000 ரூபா. தொழிலாளியிடமிருந்து ஊழியர் சேமலாப நிதிக்குக் கழிப்பது நூற்றுக்கு 8. நூறு ரூபாவுக்கு எட்டு என்றால் ஆயிரத்துக்கு 80, அப்படியானால் 22 பேருக்கு 1,760 ரூபா. தோட்டம் தன் பங்காகப் போட வேண்டியது நூற்றுக்கு 12, அது 2,640 ரூபா. இரண்டையும் கூட்டினால் 4,400. அது 22,000 இல் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. நூற்றுக்கு 20 என்பதும் ஐந்தில் ஒன்று என்பதும் ஒன்றுதான் என்பதை எந்தப் பாடநூலையும் விட இந்தச் சீட்டு அவளுக்கு நன்றாகக் காட்டும். இங்கே தாய் கற்பிக்கவில்லை, கேட்கிறார்; மகள் விளக்குகிறாள். விளக்கத் தொடங்கும்போதுதான் தனக்கு எங்கே விளங்கவில்லை என்பது அவளுக்கே தெரியும். தடுமாறினால் விடை சொல்ல வேண்டாம், அவசரப்படுத்தவும் வேண்டாம், நாளைக்கு டீச்சரிடம் கேட்டுக்கொண்டு வந்து சொல்லு என்றால் போதும். அப்படி ஒரு கேள்வியோடு வகுப்புக்குப் போகும் பிள்ளை வேறு விதமாக உட்கார்ந்திருப்பாள். தொலைபேசியில் நீங்களும், எத்தனை புள்ளி என்பதை விட்டுவிட்டு, இன்று எந்தக் கணக்கு விளங்கியது என்று கேட்டுப் பாருங்கள். முதல் நாள் ஒன்றுமில்லை என்பாள். நான்காம் ஐந்தாம் நாள் ஏதாவது சொல்வாள்.

டியூசனைப் பற்றி நீண்டு எழுத வேண்டியதில்லை. அது கெடுதல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நமது நகரங்களில் நூறு பிள்ளைகளை ஒரே மண்டபத்தில் வைத்து, நடப்புப் பாடத்தை வேகமாக ஓட்டும் வகுப்பு, தரம் 6 இல் விழுந்த ஓட்டையை அடைக்காது. பின்வரிசையில் உட்கார்ந்து கரும்பலகையைப் பார்த்து எழுதிவரும் பிள்ளை, இங்கேயும் எனக்கு விளங்கவில்லை என்ற இன்னொரு சாட்சியைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவாள். உங்கள் லயத்திலோ பக்கத்துத் தோட்டத்திலோ உயர்தரம் படிக்கும் ஒரு அக்கா, நான்கைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவளாக இருந்தால் அதையே நான் தேர்ந்தெடுப்பேன். நம்மைப் போன்ற வீட்டிலிருந்து ஒருத்தி கணிதத்தில் தேறியிருக்கிறாள் என்பதைத் தினமும் கண்ணால் காண்பது, பண்டூரா சொன்ன இரண்டாவது ஊற்று.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை மறைக்கக் கூடாது. பெற்றோர் எவ்வளவு செய்தாலும் ஆசிரியர் இல்லாத இடத்தை நிரப்ப முடியாது. பெருந்தோட்டப் பாடசாலைகளில் கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை புதியதல்ல. வேறு பாடத்துக்குப் பயிற்சி பெற்றவர் கணிதத்தையும் பார்த்துக்கொள்ளும் வகுப்புகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். உங்கள் மகளின் வகுப்பில் ஒரு தவணையாகக் கணித ஆசிரியரே இல்லாமல் இருந்தால், 28 அவளுடைய புள்ளியும் இல்லை, உங்களுடைய புள்ளியும் இல்லை. அந்த நிலையில் தனியே போவதைவிட, நான்கைந்து பெற்றோர் சேர்ந்து பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் அதை எழுத்தில் வைத்து, வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். அது சண்டை பிடிப்பது ஆகாது. சங்கம் இருப்பதே அதற்காகவும்தான். நானும் உங்கள் மகளின் கொப்பியைப் பார்க்காமல்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். பார்வைக் குறைபாடு, காது கேளாமை, வகுப்பில் யாராவது கேலி செய்வது போன்ற காரணங்கள் இருந்தால் என் கணிப்புத் தவறாகிவிடும். கரும்பலகை தெரிகிறதா என்று அவளிடம் இன்றைக்கே கேட்டுவிடுங்கள். கண்ணாடி போட்டதும் கணக்கு வந்த பிள்ளைகள் இரண்டு பேர் என் வகுப்பிலேயே இருந்தார்கள்.

அவசரம் ஏன் என்றால், தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் சித்தியடையாவிட்டால் உயர்தரத்துக்குப் போகும் வழி பெரும்பாலும் அங்கேயே அடைபட்டுவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். பயப்பட வேண்டாம் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சாதாரண சித்திக்கு 35 புள்ளிகள் போதும். அவளுக்கு இன்னும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. தவணைப் பரீட்சையும் சாதாரண தரப் பரீட்சையும் ஒரே அளவுகோல் இல்லைதான், ஆனாலும் 28க்கும் 35க்கும் இடையில் இருப்பது ஏழு. சாதாரண தரத்தின் முதலாவது வினாத்தாளில் ஆரம்பத்திலேயே இரண்டு இரண்டு புள்ளியாக 25 சிறிய வினாக்கள் வரும், மொத்தம் 50 புள்ளிகள். அவற்றில் பல, தரம் 6 முதல் 9 வரையுள்ள அடிப்படையைக் கொண்டே செய்யக்கூடியவை. இப்போது பின்னத்தையும் சதவீதத்தையும் திசைகொண்ட எண்களையும் சரிசெய்துகொண்டால், அந்த இருபத்தைந்துக்கும் இன்றைக்கே தயாராகத் தொடங்கியதாகும்.

அந்த 28 புள்ளித் தாளை எறிந்துவிடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஆசிரியரைச் சந்திக்கப் போவதற்கு முதல் நாள் இரவு, மனைவியும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து, சரி போட்டிருக்கும் கணக்குகளை மட்டும் ஒரு பென்சிலால் வட்டமிடட்டும். 28 புள்ளிகளுக்கு எப்படியும் பத்துப் பன்னிரண்டு வட்டங்களாவது வரும். அவற்றில் ஒன்றை மகள் அம்மாவுக்கு விளங்கப்படுத்தட்டும். மறுநாள் பாடசாலைக்குக் கொண்டுபோக வேண்டியது அந்தத் தாளைத்தான். ஆசிரியர் எந்தப் பாடத்தில் தடுக்கியது என்று சொன்னாரோ அதை இங்கே எழுதுங்கள். அந்தப் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதை நான் எழுதுகிறேன்.